விஸ்காசிட்டி பிரிண்ட்: பெங்களூரில் உள்ளவர்கள் யோசனை சொல்லுங்கள்

அல்சூர் ஏரியின் ஆகாயத்தாமரையை அச்சோவியமாக எடுக்கும் ஒரு மாணவிக்காகக் கேட்கிறோம். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டவர் இந்திய அச்சோவியர் கிருஷ்ணா ரெட்டி (1925–2018). பாரிஸில் அட்லியே 17 என்ற அச்சுப் பட்டறையில், மைகளின் இளக்க வேறுபாட்டைக் கொண்டு ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒரே ஓட்டத்தில் எடுக்கும் விஸ்காசிட்டி முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர்.

மாணவியின் குறிப்பேட்டில் முதலில் நிறங்கள் மட்டும்தான் இருந்தன. ரெட்டி சிற்பியும்கூட என்று படித்த பிறகே கேள்வி மாறியது: எந்த நிறம் என்பதல்ல, எந்த ஆழம்? இலை மேல்தளம், தண்டு நடுத்தளம், நீர் அடித்தளம் என்று மாணவி தகட்டை வெவ்வேறு ஆழத்தில் அரித்திருக்கிறார். பார்த்து வரைவதைவிட இதுதான் உண்மையான ஆய்வு என்பது எங்கள் கருத்து.

சிக்கல் மையில். ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகக் கலந்த இளகிய மையைக் கடின ரோலரால் மேல்தளத்தில் லேசாக ஓட்டுகிறார். பிறகு கெட்டி மையை மென் ரோலரால் அழுத்தி, பள்ளம்வரை. இளகிய மை கெட்டி மையை ஒட்டவிடக் கூடாது. ஆனால் இலை விளிம்பில் பச்சையும் ஆரஞ்சும் கலந்து சேற்று நிறமாகிறது. எண்ணெய் வித்தியாசம் போதவில்லையா, அல்லது ரோலரைத் துடைக்காமல் மறுபடி ஓட்டுவதாலா?

ஒரே தகட்டில் இரண்டையும் மாற்றினால் காரணம் பிடிபடாது. எதை முதலில் சோதிக்கலாம்? பெரிய மென் ரோலர் இங்கே எங்கே கிடைக்கும், அல்லது வாடகைக்குத் தருவார்களா? ரெட்டியின் அசல் அச்சு ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்க்க வழி இருந்தாலும் சொல்லுங்கள். புத்தகப் படத்தில் மையின் மேடு தெரிவதில்லை.