பதில்: டிஸ்பயோசிஸுக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழுவினர்க்கு வணக்கம். குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் வழக்கமான நிலையிலிருந்து மாறிப்போவதைத்தான் ஆங்கிலத்தில் டிஸ்பயோசிஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘நுண்ணுயிர்ச் சமநிலையின்மை’ என்றே வைத்துவிடலாம். பொருள் தெளிவாக இருக்கிறதே.

அந்தத் தெளிவுதான் எனக்கு இடிக்கிறது. சமநிலை இல்லை என்று சொல்ல, சமநிலை எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இரத்தச் சர்க்கரைக்கு ஓர் அளவு உண்டு, உப்புக்கு உண்டு. பெருங்குடலில் எந்த பாக்டீரியா எத்தனை பங்கு இருந்தால் நலம் என்பதற்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் இல்லை. நோயே இல்லாத இரண்டு பேரை எடுத்தாலும் பட்டியல் வெகுவாக மாறுகிறது. சேலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கான ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் இந்தச் சொல் 11 இடத்தில் வருகிறது. அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

> சுருக்கமாகக் ‘குடல்நுண்ணுயிர் நோய்’ எனலாமே?

வேண்டாங்க. இந்த மாற்றம் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, மருந்தின் விளைவா என்பதுதானே வழக்கே! இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் குடலில் கண்ட மாற்றங்களில் ஒரு பகுதி நோயால் வந்ததல்ல, சர்க்கரையைக் குறைக்க அவர்கள் விழுங்கிவந்த மெட்ஃபார்மின் மாத்திரையால் வந்தது என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. விசாரணை நடக்கும்போதே பெயரில் தீர்ப்பை எழுதிவிடக் கூடாது.

என் முன்மொழிவு ‘நுண்குடிக் குலைவு’. தொல்குடி, பழங்குடி போல நுண்குடி. ஓர் இடத்தில் காலூன்றிக் கூட்டமாக வாழ்பவை என்ற பொருள் ‘நுண்ணுயிர்த் தொகுதி’ என்றால் வராது, ‘குடி’யில் வரும். குலைவு என்றால் முன்பு இருந்த கட்டு கலைந்தது, அவ்வளவுதான்; யார் கலைத்தார் என்று அது சொல்வதில்லை. ஆன்டிபயாடிக் தின்றதால் குடி கலைந்து, அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (பழைய பெயர் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்) என்ற பாக்டீரியா பெருகித் திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு வரும் நோயாளிகளைப் பாருங்கள். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், நலமாக உள்ளவர் மலத்தின் கரைசலைக் குடலுக்குள் செலுத்திய 16 பேரில் 13 பேருக்கு முதல் முறையிலேயே நின்றது. அங்கே ‘குலைவு’ அச்சாகப் பொருந்துகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சேகோ (ஜவ்வரிசி) பாக்டரியை வைத்துச் சொல்லலாம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைச் சல்லடையில் வடித்துவிட்டு, மிஞ்சும் திப்பியைக் களத்தில் பரப்பிக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்புவார்கள். மாவு நமக்கு, நார் மாட்டுக்கு. ஆனால் மாவில் பெரும்பகுதியைச் சிறுகுடலே செரித்து உறிஞ்சிவிடும். பெருங்குடல்வரை போய் நுண்குடிக்குச் சோறாவது நார்தான். அதை நொதிக்கவைத்து அவை தரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். எலிகளுக்கு நாரில்லாத தீனி போட்டபோது, சில பாக்டீரியாக்கள் குடல்சுவரின் சளிப்படலத்தையே அரிக்கத் தொடங்கின. சோறு நின்றதும் குடியிருந்த வீட்டின் கூரையைப் பிடுங்கித் தின்ற மாதிரி. (இந்த உவமைக்காகவே எனக்கு ‘குடி’யை விட மனமில்லை.)

சரி, இனி என் கட்சியின் ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் சேகோ களத்தில் வேலை பார்த்த என் அத்தையிடம், “குடலில் நுண்குடி குலைந்தால்…” என்று ஒரு பத்தியை வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, “அந்தக் குடிய உட்டுட்டாச் செரியாப் போயிரும்ல கண்ணு?” என்றார்.

குடலும் குடியும் ஒரே வரியில் வந்தால் நம்மவர் காதில் சாராயம்தான் விழும். ‘குடிகள்’ என்று பன்மையாக்கிப் பார்த்தேன், ‘குடிமகன்’ கேலி நினைவுக்கு வந்து தொலைத்தது. ஆகவே கட்டுரைகளுக்கு நுண்குடியை வைத்துக்கொள்வோம். கையேட்டில் ‘நுண்ணுயிர்க் குலைவு’ போதும். குடி போனாலும் குலைவை விடமாட்டேன்.

அப்புறம், மைக்ரோபயோட்டாவையும் மைக்ரோபயோமையும் பிரிக்கச் சொன்ன நண்பருக்கு: முன்னது வாழும் கூட்டம், பின்னதில் அவற்றின் மரபணுக்களும் சூழலும் சேரும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள். 11 இடத்திலும் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து