குசினி அலுமாரிக்குப் பெயின்ட்: பாஸிடம் வேலையைக் கொடுக்க முன் எதைக் கேட்பது? (கேட்டவரும் பதில் சொன்னவர்களும் புனைபெயரில்)

வெள்ளவத்தை நாலாம் மாடி:
கடற்கரைப் பக்கத் தொடர்மாடி. குசினியில் கதவு 18, லாச்சி 5. மேல் அலுமாரிக் கதவுகள் மெலமைன் ஒட்டிய பலகை. கீழ் அலுமாரியின் சட்டமும் கதவும் தேக்கு, பழைய வார்னிஷ் அடித்தது. அலுமாரிப் பெட்டிகளின் உட்பக்கம் தொண்ணூறுகளில் அடித்த சாம்பல் எனாமல். வெளியே தெரிகிற எல்லாமே வெள்ளைக்குக் கிட்டின ஒரே நிறமாக வர வேண்டும்.

பெயின்ட் பாஸ்மார் (வேலைக்காரர்) மூன்று பேர் வந்து பார்த்து விலை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டிலேயே பிரஷ்ஷால் எனாமல், இரண்டு நாளில் முடியும் என்கிறார். அடுத்தவர் வீட்டிலேயே ஸ்ப்ரே, நாலு நாள். மூன்றாமவர் கதவுகளைக் கழற்றி மொறட்டுவையில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய், பத்து நாளில் திரும்பப் பூட்டித் தருவாராம். அவர் கேட்கும் காசு முதலாமவருடையதைப் போல இரண்டரை மடங்கு. ஏன் இவ்வளவு வித்தியாசம்? வேலை தெரிந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

மரப்பட்டறை தெகிவளை:
காசின் பெரும்பங்கு பெயின்டுக்கு முந்திய வேலைக்குத்தான் போகிறது. உங்கள் குசினி அளவுக்கு, கழற்றி, கழுவி, தேய்த்து, ஓட்டை அடைத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதையும் தேய்த்து முடிக்க இரண்டு பேருக்கு மூன்று நாளாவது வேண்டும். இரண்டு நாளில் எல்லாம் முடியும் என்பவர் இவற்றில் எதையோ விடப்போகிறார்.

மூவரிடமும் இதைக் கேளுங்கள்: "மெலமைனுக்கு என்ன பிரைமர், தேக்குக்கு என்ன பிரைமர்?" இரண்டுக்கும் ஒரே வெள்ளை அண்டர்கோட் என்று பதில் வந்தால் அவரை விட்டுவிடலாம்.

மெலமைன் கண்ணாடி மாதிரி. பெயின்ட் உள்ளே இறங்க அதில் இடமே இல்லை. 180 அல்லது 220 சான்ட் பேப்பரால் மினுக்கம் முழுக்கப் போகும்வரை தேய்த்து, வழுக்கும் பரப்பில் பிடிக்கும் பிரைமர் அடிக்க வேண்டும். ஹார்ட்னர் (பூச்சை இறுக்கும் திரவம்) கலக்கும் எபொக்சி அல்லது பியூ (பொலியூரித்தேன்) வகை நம்பகமானது. சாதாரண அண்டர்கோட் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு கைபிடிப் பக்கம் நகம் பட்டாலே பொலித்தீன் தாள் போல உரிந்து வரும்.

தேக்கின் பிரச்சினை வேறு. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு, சாயமும் கசியும். வார்னிஷைத் தேய்க்கும்போது வெறும் மரம் தெரிகிற இடங்களில், வெள்ளை அடித்துச் சில நாளில் மஞ்சள்-மண்ணிறத் திட்டு மேலே வரும். தண்ணீர் கலந்த பிரைமர் அதை இன்னும் இழுத்து வரும். அந்த இடங்களைத் தின்னரால் துடைத்து, மெழுகு நீக்கிய ஷெலாக் (அரக்கு) பிரைமராலோ இரண்டு பாக பியூ சீலராலோ மூட வேண்டும். பிரெஞ்ச் பொலிஷுக்கு வாங்கும் சாதாரண அரக்கில் மெழுகு இருக்கும். அதன் மேல் பியூ சரியாக ஒட்டாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கழுவல். தாளிப்புப் புகை வருடக்கணக்காகப் படிந்த கதவைக் கழுவாமல் தேய்த்தால், சான்ட் பேப்பர் அந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் அப்பிவிடும். முதலில் எண்ணெய் நீக்கி, பிறகு சுத்தத் தண்ணீர், அதன் பிறகுதான் தேய்ப்பு. மினுக்கத்துக்காக சிலிக்கோன் பொலிஷ் அடித்த கதவென்றால் பாஸிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெயின்ட் விலகி வட்டம் வட்டமாகக் குழி விழும். அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் மறையாது.

ஸ்ப்ரே வேலை:
மேலே சொன்னதெல்லாம் சரி. நான் மூன்றாமவரின் முறையையே தேர்ந்தெடுப்பேன், ஆனால் என்ன பெயின்ட் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு.

எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். கதவின் உட்பக்கம் முதலில் மாறும். முழு இறுக்கம் வர மூன்று நாலு கிழமை எடுக்கும். அதுவரை கதவும் சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்யும். என்சி (நைட்ரோசெலுலோஸ்) லாக்கர் மலிவு, நிமிடக் கணக்கில் காயும். ஆனால் சூட்டையும் நீராவியையும் தாங்காது, அதுவும் மஞ்சளாகும். குசினிக்கு இரண்டு பாக பியூதான் நின்று பிடிக்கும். இங்கே பாஸ்மாரிடம் சேயர்லாக் என்ற கம்பனிப் பெயர் அதிகம் அடிபடும். எந்தப் பெயராக இருந்தாலும் வெள்ளைக்கு "மஞ்சளாகாத" ஹார்ட்னர் தானா என்று பாருங்கள்; அந்த வகை விலை கூட, அதனால்தான் சிலர் மற்றதைப் போடுகிறார்கள். ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றுபவர் வேண்டாம். டின்னில் எழுதியுள்ள விகிதத்தை அளவுக் கோப்பையில் கலக்க வேண்டும். குறைந்தால் பூச்சு இறுகாது, கூடினால் நொறுங்கும்.

வீட்டுக்குள் பியூ ஸ்ப்ரே அடிக்க நான் சம்மதிக்கமாட்டேன். அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைத் தாக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. தின்னர் ஆவி காற்றை விடப் பாரமானது, தரையோடு படியும். அங்கேதான் காஸ் சிலிண்டரும், தீப்பொறி தரக்கூடிய ஃபிரிஜ்ஜும் இருக்கின்றன. சட்டங்களை மட்டும் யன்னல் எல்லாம் திறந்து, அடுப்பை அணைத்து, நாலு அங்குல மென் ரோலராலும் பிரஷ்ஷாலும் அடிக்கலாம். அதற்கும் கதவுக்குக் கலந்த அதே நிறத்தை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெள்ளை தெரியும். ரோலர் வேலைக்கும் வடிகட்டி பூட்டிய முகமூடி தேவை, குழந்தைகள் அன்று வீட்டில் இருக்கக் கூடாது.

அளவுக் கணக்கு: ஒரு கதவு சராசரி 2 அடிக்கு 1½ அடி என்றால் இரு பக்கமும் 6 சதுர அடி. 18 கதவுக்கு 108. லாச்சி முகங்கள் 10, சட்டமும் பக்கப் பலகையும் 45 என்று வைத்தால் 160 சதுர அடி கிட்ட வரும், அதாவது 15 சதுர மீற்றர். சாதாரண ஸ்ப்ரே கன்னில் பாதியோ அதற்கு மேலேயோ காற்றில் போகும். தின்னர் கலந்த பெயின்ட் ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 5 முதல் 6 சதுர மீற்றர்தான் மூடும். ஆக நிறம் இரண்டு கோட்டுக்கு 5, 6 லீற்றர், பிரைமருக்கும் அதே அளவு. மேல் பூச்சுக்கு ஒரு லீற்றர் டின் ஒன்றோடு வந்து நிற்பவரை அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

கணக்கும் ஒப்பந்தமும்:
"சதுர அடிக்கு இவ்வளவு" என்பதில்தான் கடைசியில் சண்டை வரும். ஒரு பக்கமா, இரு பக்கமா? விளிம்புகள் சேர்த்தா? சட்டம் எப்படி அளப்பது? மூவரிடமும் கதவு, லாச்சி எண்ணிக்கை போட்டு மொத்தத் தொகையாக வாங்குங்கள். எத்தனை கோட், எந்தப் பிரைமர், எத்தனை சதவீத மினுக்கம், பிணைச்சலைக் கழற்றிப் பூட்டுவது யார் என்றெல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். அப்போதுதான் மூன்று விலையையும் ஒப்பிட முடியும்.

மினுக்கம் 20–30 சதவீதம் போதும். முழு மினுக்கம் பலகையின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். முழு மங்கல் மஞ்சள்தூள் கறையைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

முழு வேலைக்கும் சரி சொல்ல முன் ஒரு மெலமைன் கதவும் ஒரு தேக்குக் கதவும் செய்து தரச் சொல்லுங்கள். ஒரு கிழமை கழித்து, உட்பக்க மூலையில் பிளேடால் பெருக்கல் குறி கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுங்கள். கீறலோரம் பெயின்ட் எழும்பினால் பிரைமர் பிடிக்கவில்லை. தெரிந்த பாஸ் இதற்குக் கோபிக்கமாட்டார்.

முன்பணம் சாமான் விலைக்கு மட்டும், பில்லோடு. டின்கள் உங்கள் கண்முன் திறக்கப்படட்டும். கூலியில் கால் பங்கைக் கதவு பூட்டி ஒரு கிழமை கழித்துக் கொடுங்கள். கதவுக்கு இலக்கம் போடும் இடம் பிணைச்சல் குழி. டேப்பில் எழுதினால் கழுவும்போதே போய்விடும்.

உட்பக்கத்துச் சாம்பல் எனாமலைச் சும்மா விடுங்கள். பெயின்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு இங்கே நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில். அதற்கு முந்தியதில் ஈயம் இருக்கலாம், உலரத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். அடித்தே ஆகவேண்டுமென்றால் ஈரத் தேய்ப்பு, ஈரத்துணித் துடைப்பு. தும்புத்தடியால் கூட்டக் கூடாது.

வெள்ளவத்தை நாலாம் மாடி:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு விஷயம். சிங்க்குக்கு மேலே உள்ள இரண்டு மெலமைன் கதவுகளில் ஓரப்பட்டி கழன்று அடிப்பக்கம் ஊதியிருக்கிறது. தேய்த்துச் சமப்படுத்தலாமா? மற்றது, ஒக்டோபரில் தொடங்கித் தீபாவளிக்கு முன் முடிக்க முடியுமா?

மரப்பட்டறை தெகிவளை:
ஊதின பலகை திரும்ப அமராது. தேய்த்தால் உள்ளே இருக்கிற தூள் வெளிவரும், அடுத்த ஈரத்தில் மறுபடி ஊதும். அந்த இரண்டையும் எம்டிஎஃப்பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டு விளிம்பு பெயின்டை உறிஞ்சும், அதற்கு மட்டும் பிரைமர் ஒரு கோட் கூட. மற்றக் கதவுகளின் ஓரப்பட்டியை நகத்தால் தட்டிப் பார்த்து, தளர்ந்ததைப் பெயின்டுக்கு முன் ஒட்டிவிடுங்கள். பிணைச்சல்களையும் பாருங்கள். கடற்காற்றில் துருப்பிடித்தவற்றைப் புது வெள்ளைக் கதவில் பூட்டினால் துரு வடிந்து கோடு விழும். குழி 35 மில்லிமீற்றர் என்றால் அதே அளவில் துருவேறா எஃகில் வாங்கலாம்.

ஸ்ப்ரே வேலை:
ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஈரக் காற்றில் என்சி வெள்ளைப் புகை படர்ந்த மாதிரி மங்கும், பியூவில் நுண்குமிழி எழும். மழைக்காலத்தில் காலையிலேயே அடித்து முடிக்கும் பட்டறையா என்று கேளுங்கள். முடிந்தால் ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் புத்தாண்டுக்கு பாஸ்மார் ஊருக்குப் போய்விடுவார்கள், பாதி வேலை நிற்கும்.

தீபாவளிக்கு முன்தான் வேண்டுமென்றால், கடைசிக் கோட்டுக்கும் பலகாரம் சுடும் நாளுக்கும் இடையில் குறைந்தது ஏழு நாள் விடுங்கள். கதவு முட்டும் இடத்து ஃபெல்ட் வில்லைகளையும் அந்த ஏழு நாளுக்குப் பிறகே ஒட்டுங்கள். ரைஸ் குக்கரை மேல் அலுமாரிக்கு நேர் கீழே வைக்க வேண்டாம். நீராவி தினமும் படுகிற விளிம்புதான் முதலில் வெடிக்கும். மஞ்சள்தூள் பட்டால் உடனே சவர்க்காரத் தண்ணீரால் துடைக்கவும். மிஞ்சும் இலேசான கறை யன்னல் வெயில் படும் கதவில் தானாக மங்கும், உட்பக்கத்தில் மங்காது.