சீனத்தில் ஒரே சொல்லுக்குப் பல பொருள்: எதைக் கொண்டு பிரித்தறிவது?

கேள்வி – சொல்தேடி

வணக்கம். சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்.எஸ்.கே. நான்காம் நிலைத் தேர்வுக்குச் சென்னையில் இருந்தபடியே படித்து வருகிறேன். பழைய பாடத்திட்டத்தின் 1,200 சொற்களையும் தனித்தனியாகக் கேட்டால் பொருள் சொல்லிவிடுவேன். ஆனால் பத்தியாக வாசிக்கும்போது தெரிந்த சொல்லே காலை வாரிவிடுகிறது. மூன்றாம் தொனியில் (சீனத்தில் பொருளை வேறுபடுத்தும் குரல் ஏற்ற இறக்கம்) வரும் 'தா' என்ற வினைக்கு அகராதி முதற்பொருளாக 'அடித்தல்' என்று தருகிறது. பாடநூலிலோ தொலைபேசியில் அழைப்பதும், குடை பிடிப்பதும், கம்பளிச் சட்டை பின்னுவதும், ஊசி போடுவதும், கடையில் தள்ளுபடி தருவதும் அதே 'தா'வாக இருக்கின்றன. 'ஜியே' என்பது கடன் வாங்குவதா, கொடுப்பதா என்பதும் பிடிபடவில்லை. போதாததற்கு, வங்கியைக் குறிக்கும் 'யின்ஹாங்' என்ற சொல்லில் 'ஹாங்' என ஒலிக்கும் எழுத்து, வேறிடத்தில் 'ஷிங்' என ஒலித்து 'சரி' என்று பொருள்படுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பத்துப் பொருளை உருப்போடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

மறுமொழி 1 – கோவை மொழிபெயர்ப்பாளர்

நீங்கள் இரண்டு வெவ்வேறு சிக்கல்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். 'ஹாங்', 'ஷிங்' என்பது ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலிகள் இருக்கும் நிலை. பக்கத்தில் நிற்கும் எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பதால் அதை நான் பெரிய தொல்லையாகக் கருதுவதில்லை. எழுத்தைத் தனியே படிக்காமல் முழுச் சொல்லாகவே படித்தால் போதும்.

'தா' அப்படியல்ல, ஒலியும் எழுத்தும் ஒன்றாகவே இருக்க, பொருள் மட்டும் பரந்து கிடக்கிறது. இதற்காக வருந்த வேண்டாம், ஏனெனில் வட சோங் காலத்து அறிஞரான ஓயாங் ஷியூ (1007–1072) அன்றே இதைக் குறைகூறி எழுதியிருக்கிறார்: அடிப்பதைக் குறித்த சொல்லைப் படகு செய்வதற்கும், மீன் பிடிப்பதற்கும், தண்ணீர் இறைப்பதற்கும் படித்தவர்கள்கூடப் பயன்படுத்துகிறார்களே என்பது அவருடைய மனக்குறை.

நீங்கள் அகராதியின் ஆங்கிலப் பொருள் வழியாகச் செல்வதால்தான் இது விசித்திரமாகத் தோன்றுகிறது என்று நினைக்கிறேன். தமிழில் நாம் போன் அடிக்கிறோம், டைப் அடிக்கிறோம், மணி அடிக்கிறோம், அடிகுழாயில் தண்ணீர் அடிக்கிறோம், புத்தகம் அச்சடிக்கிறோம். இவற்றில் முதல் நான்குக்கும் சீனத்தில் 'தா' வரும். இவற்றில் யாரும் யாரையும் அடிப்பதில்லை என்பதை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. இனி மறுபுறம் பாருங்கள்: மீன் பிடிப்பது, குடை பிடிப்பது, டாக்சி பிடிப்பது ஆகிய மூன்றும் சீனத்தில் 'தா'தான். ஆக, நம்முடைய 'அடி', 'பிடி' என்னும் இரண்டு வினைகளின் வேலையில் பெரும்பங்கை அந்த ஒரு வினை ஏற்றுக்கொள்கிறது. மிஞ்சும் சட்டை பின்னுதல், ஊசி போடுதல், தள்ளுபடி போன்றவற்றை மட்டும் தனியே நினைவில் வைத்தால் போதும். வினைக்குப் பொருள் தருவது அதன் பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் என்பதால், 'தா' என்ற ஒற்றைச் சொல்லுக்கு அட்டை எழுதிவைக்காமல், 'தா ஸான்' (குடை பிடித்தல்), 'தா யூ' (மீன் பிடித்தல்) என்று இணையாகவே எழுதிவையுங்கள்.

மறுமொழி 2 – பினாங்குவாசி

மலேசியாவில் சீனத் தொடக்கப்பள்ளியில் படித்த தமிழன் நான். 'ஜியே' பற்றி மட்டும் கூறுகிறேன், ஏனெனில் உண்மையில் குழப்புவது அதுதான். அந்த வினை கைமாறுதலை மட்டும் சொல்கிறது. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு என்பதைச் சொல்வதில்லை. 'வோ ஜியே தா யீ பென் ஷூ' என்ற வாக்கியத்தை 'நான் அவனுக்கு ஒரு புத்தகம் இரவல் கொடுத்தேன்' என்றும் கொள்ளலாம், 'நான் அவனிடம் ஒரு புத்தகம் இரவல் வாங்கினேன்' என்றும் கொள்ளலாம். இது மாணவரின் குறைபாடன்று, வாக்கியமே இருபொருள்படுவது. (இங்கே வரும் 'தா' முதல் தொனியில் அமைந்து 'அவன்' என்று பொருள்படும் வேறு சொல்.) ஆகவே, குழப்பம் நேரக்கூடாத இடத்தில் கொடுப்பதற்கு 'ஜியே கெய்' என்று 'கெய்' சேர்ப்பார்கள், வாங்குவதற்கு, யாரிடம் வாங்குகிறோமோ அவர் பெயருக்கு முன்னால் 'கென்' அல்லது 'ஷியாங்' சேர்ப்பார்கள். வாடகையைக் குறிக்கும் 'ட்ஸூ' என்ற வினையும் இதே இனம்: வீட்டை வாடகைக்கு விடுவதும் எடுப்பதும் அதுவே.

'கான்பிங்' என்ற சொல்லுக்கு மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது, நோயாளி மருத்துவரைப் பார்ப்பது என இரு பொருள் உண்டு. இதில் தமிழர்கள் ஏன் திணறுகிறார்கள் என்பது எனக்கு விளங்குவதில்லை. 'அவர் மதுரையில் வைத்தியம் பார்க்கிறார்' என்றால் அவர் மருத்துவரா, நோயாளியா என்று நாமும் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருக்கத்தானே வேண்டும்? சீனத்தில் 'கெய்' சேர்த்து 'இன்னாருக்கு' என்று வந்துவிட்டால் பார்ப்பவர் மருத்துவர்.

மறுமொழி 3 – ஏடுபார்ப்பவர்

'ஃபாங்பியென்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'வசதி' என்பது அதன் அன்றாடப் பொருள். உடனடி நூடுல்ஸுக்குப் பெயரே 'ஃபாங்பியென் மியென்'. விருந்தின் நடுவே ஒருவர் 'சற்று ஃபாங்பியென் செய்துவிட்டு வருகிறேன்' என்று எழுந்தால் அவர் கழிப்பறைக்குப் போகிறார். 'ஷோவ்தோவ் பூ ஃபாங்பியென்' என்றால் கையில் பணம் இல்லை என்று பொருள். 'இந்த மாதம் வசதிப்படவில்லை' என்று நாம் நாகரிகமாகச் சொல்வதேதான். இச்சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பௌத்த நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர்கள், கேட்பவரின் தகுதிக்கேற்ப அறம் உரைக்கும் 'உபாயம்' என்ற கருத்துக்கு இச்சொல்லையே கையாண்டனர். குமாரஜீவர் 406ஆம் ஆண்டு மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரத்தின் இரண்டாம் அதிகாரத்தின் தலைப்பில் இது இருக்கிறது. கோவில் சுவரில் இச்சொல்லைக் கண்டால் கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகை என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

சொல்தேடி

மூவருக்கும் மிக்க நன்றி. 'அடி', 'பிடி' என்று பிரித்துப் பார்த்ததில் என் பட்டியலில் பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்துவிட்டது. முதல் மறுமொழிக்கு மட்டும் ஒரு துணைக்கேள்வி: இரண்டு ஒலிகள் கொண்ட எழுத்து பக்கத்து எழுத்தாலும் தெளிவுபடாத இடம் உண்டா?

கோவை மொழிபெயர்ப்பாளர்

உண்டு, அதுவும் பணம் புழங்கும் இடத்தில். 'ஹாய்' என ஒலித்தால் 'இன்னும்' என்றும், 'ஹுவான்' என ஒலித்தால் 'திருப்பிக் கொடுத்தல்' என்றும் பொருள்படும் ஓர் எழுத்து இருக்கிறது. 'ச்சியென்குவான்' என்பது பாக்கித் தொகை. ஒருவர் 10,000 யுவான் கடன்பட்டு, ஒரு பகுதியைக் கட்டியபின், சீட்டில் அந்த எழுத்தையும் 'ச்சியென்குவான் 4,000 யுவான்' என்பதையும் அடுத்தடுத்து எழுதுகிறார் என்று கொள்ளுங்கள். 'ஹாய்' என்று படித்தால் இன்னும் 4,000 பாக்கி. 'ஹுவான்' என்று படித்தால் 4,000 திருப்பிக் கொடுத்தாயிற்று, பாக்கி 6,000. சீனர்களே அடிக்கடி எடுத்துக்காட்டும் வாக்கியம் இது. வாய்விட்டுச் சொன்னால் ஐயமே இல்லை, எழுத்தில்தான் வம்பு. எனவே விவரமறிந்தவர்கள் கடன் சீட்டில் அந்த எழுத்தைத் தனியே விடாமல், கட்டியதற்கு 'ஏற்கெனவே' என்று பொருள்படும் 'யீ'யை முன்னால் சேர்த்து 'யீ ஹுவான்' என்றும், பாக்கிக்கு 'ஷாங் ச்சியென்' என்றும் எழுதுவார்கள்.