அப்பாவுக்கு 54, அம்மாவுக்கு 46: பூ விற்ற பணத்தில் முதுமைக்கு எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: நிலக்கோட்டைப் பெண்

எங்களுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகைத் தோட்டம். தை முகூர்த்தங்களில் பூ விலை எகிறும். ஆடியில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. அம்மா தெருவில் வாரச் சீட்டுப் போடுகிறார். மற்றதெல்லாம் உரக்கடை பாக்கிக்கே போய்விடும். சென்ற மாதம் உறவினர் ஒருவர் ‘பென்ஷன் திட்டம்’ என்று சொல்லி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். திங்கட்கிழமை பத்திரம் வந்தது. படித்துப் பார்த்தால் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடு! தொடரலாமா? அம்மாவை அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்க்க முடியுமா?

பதில்: கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர்

தங்கையே, முதலில் பத்திரத்தைக் கவனியுங்கள். கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம். முத்திரைக் கட்டணம் போன்ற சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும். உறவினர் கையில் கொடுத்து அனுப்பாமல், நிறுவனத்தின் கிளைக்கே அப்பாவுடன் போய்க் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஒரு வருடம் பூ ஏமாற்றினால் தவணை நின்றுபோகும். தொடக்க ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். பூ விவசாயிக்கு இது ஆகவே ஆகாது.

அடல் திட்டத்தில் 40 வயதுக்குள் சேர வேண்டும், அம்மாவுக்கு வழியில்லை. உங்களுக்கு 30 வயது என்றால், 60-க்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் பெற இப்போது மாதம் 577 ரூபாய் கட்ட வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறையும் கட்டலாம்.

பெற்றோருக்கு அஞ்சலகக் கால வைப்புதான் பொருந்தும். மாதத் தவணைத் தொல்லை இல்லை. தையில் கையில் நிற்பதை, 5,000 ஆனாலும், ஐந்தாண்டு வைப்பில் போடுங்கள். அடுத்த தையில் இன்னொன்று. அப்பாவுக்கு 60 ஆகும்போது முதல் வைப்பு முதிர்ந்திருக்கும். அதை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். வைப்புகளை அம்மா பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் தொடங்குங்கள். பாஸ்புக்கில் கணவர் பெயர் மட்டும் இருந்ததால் அலைந்த பெண்கள் பலரை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

பதில்: உசிலம்பட்டியிலிருந்து

சீட்டை விட்டுவிடச் சொல்லாதீர்கள், அண்ணா. ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது எந்த அஞ்சலகம் திறந்திருக்கும்?

கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர்

விட வேண்டாம், அவசரத்துக்கு இருக்கட்டும். ஆனால் பதிவில்லாத தெருச் சீட்டில் நடத்துபவர் மறைந்தால் யாரிடம் கேட்பது? இருபது வருடம் கழித்து உண்ண வேண்டிய சோற்றை அதில் போடாதீர்கள்.

நிலக்கோட்டைப் பெண்

நன்றி, அண்ணா. உறவினர் மனம் நோகும் என்று அப்பா தயங்குகிறார். கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது?

கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர்

“நிபந்தனைகள் எனக்கு ஒத்துவரவில்லை, ரத்து செய்யுங்கள்” என்று எழுதி பாலிசி எண்ணைக் குறிப்பிட்டால் போதும். உறவினர் பெயரை எழுதவே வேண்டாம். வங்கிப் பாஸ்புக் நகலையும் எடுத்துப் போங்கள். பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.