கடல் கணக்கு தெரிஞ்ச பூனை: உங்க வீட்டு ஜீவன் கதையையும் போடுங்க

நான் ராமேஸ்வரம், ஜெட்டிக்குப் பின்னாடி தெரு. அப்பா விசைப்படகுல போறவரு, சொந்த போட்டு கிடையாது, கூலிக்குப் போறது. நான் கடலுக்குப் போகல, மொபைல் கடை வச்சிருக்கேன், அதனால இந்த மாதிரி வெட்டி ஆராய்ச்சிக்கெல்லாம் நேரம் இருக்கு.

எங்க வீட்டுக்கு ஒரு பூனை வருது. வளக்குறோம்னு சொல்ல முடியாது, அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். சாம்பல் கலரு, இடது காது பாதிதான் இருக்கு. பேரெல்லாம் வைக்கல, அம்மா "இந்தா"ன்னு கூப்டும், அதுக்குத் திரும்பிப் பாக்கும், அவ்வளவுதான். விஷயம் என்னன்னா இது செவ்வாய், வியாழன், ஞாயிறு, இந்த மூணு நாளு மட்டும் வெள்ளன அஞ்சு மணிக்கெல்லாம் கொல்லையில துவைக்கிற கல்லு மேல வந்து உக்காந்துருக்கும். மத்த நாள்ல கத்திக் கூப்பிட்டாலும் வராது.

வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், எங்க ஊர்ல விசைப்படகு திங்கள், புதன், சனி மூணு நாளுதான் கடலுக்குப் போகும், மிச்ச நாலு நாளு நாட்டுப்படகுக்கு. திங்கக்கிழமை கடலுக்குப் போற அனுமதி டோக்கன் வாங்கிட்டுப் போனா செவ்வாய் வெள்ளன கரைக்கு வரும். அப்ப பூனை வர்ற நாளும் போட்டு வர்ற நாளும் ஒண்ணு. அம்மா அருவாமனையைப் போட்டு உக்கார்றதுக்கு முன்னாடியே கல்லு மேல ஆளு ரெடி.

சாப்பாட்டுலயும் அதுக்கு ஒரு முறை இருக்கு. சூடை, காரல்னா முழுசா அப்படியே போயிரும். கெளுத்தித் தலையைப் போட்டா உடனே வாய் வைக்காது, முன்னங்காலால ஒரு தட்டு தட்டி மல்லாக்கத் திருப்பும், முள்ளு இருக்க பக்கம் தரைக்குப் போனதும் அடிப்பக்கமா ஆரம்பிக்கும். இதை யாரு சொல்லிக் குடுத்தான்னு தெரியல. ஒரு தடவ நான் பெருமைக்கு கடையில விக்கிற பூனைத் தீனி பாக்கெட் வாங்கிட்டு வந்து கொட்டுனேன், மோந்து பாத்துட்டு மண்ணைத் தள்ளி மூடிருச்சு. பிராய்லர் கோழிக்கும் அதே மரியாதைதான்.

எப்படிக் கண்டுபுடிக்குதுன்னுதான் என் கேள்வி. கிழமை தெரியும்னு அம்மா சொல்லுது. எனக்கு நம்பிக்கை இல்ல, ஏன்னா போன மாசம் ஒரு புதன்கிழமை காத்து ஓவரா இருக்குன்னு டோக்கன் குடுக்கல, போட்டு எதுவும் போகல, மறுநாள் வியாழக்கிழமை பூனையும் வரல. கிழமைக் கணக்குன்னா வந்துருக்கணும்ல? உங்க வீட்ல இப்படி கடலோட சேந்து கணக்குப் போடுற ஜீவன் எதாச்சும் இருந்தா எழுதுங்க.

பாம்பன் ஆளு

ஐஸ் லாரி சத்தம் கேட்டு வரும் மச்சான், இதுல என்ன ஆராய்ச்சி.

சரி என் கதையைக் கேளு, இது பெருசு. நான் புறா வளக்குறவன், மொட்டை மாடில ஓட்டை விழுந்த மீன் கிரேடையெல்லாம் கவுத்துக் கட்டி கூண்டு. கர்ணம் ஆறு ஜோடி, ஹோமர் நாலு ஜோடி. கம்பு, சோளம், பச்சைப்பயறு கலந்து போடுவேன், சிப்பியை இடிச்சுப் போடுறது ஓசி, கரையில கெடக்கு.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி டிசம்பர் மாசம், வாடைக் காத்து மூஞ்சில அறையுற நேரம், எங்க சித்தப்பா வத்தையில, அதான் சின்ன நாட்டுப்படகு, ஒரு புறா வந்து விழுந்துருச்சு. இறங்குச்சுன்னு சொல்ல மாட்டேன், விழுந்துச்சு. நடுக்கடல்ல, வலை மேல. சித்தப்பா சட்டையில சுத்திக் கொண்டாந்து என்கிட்ட குடுத்தாரு. கால்ல வளையம், இங்கிலீஷ் எழுத்து, நம்பர், வருசம் எல்லாம் அடிச்சிருந்துச்சு. நம்ம பக்கத்து வளையம் இல்ல. இலங்கையில இருக்க தலைமன்னார் தனுஷ்கோடிக்கு முப்பது கிலோமீட்டர் சுமாருதான, அங்கிட்டு யாரோ பந்தயத்துக்கு விட்டது வாடைக்கு இங்கிட்டுத் தள்ளிட்டு வந்துருக்கும்னு நினைச்சேன்.

தண்ணி வச்சேன். கோழி மாதிரி மொண்டு மொண்டு தலையைத் தூக்கிக் குடிக்காது புறா, மூக்கை முக்குனா முக்குனதுதான், உறிஞ்சும். அது அன்னைக்கு மூக்கை எடுக்கவே இல்ல, தொண்டை மட்டும் ஏறி இறங்குது, எனக்கே மூச்சு முட்டிருச்சு. ரெண்டு வாரத்துல தேறிருச்சு. நல்ல புறா, கண்ணு அப்படியே மாதுளை முத்து. வச்சுக்கிடலாம்னு ஆசைதான். ஆனா எவனோ ஒருத்தன் அங்க மாடியில நின்னு வானத்தைப் பாத்துக்கிட்டு இருப்பான்ல, நானும் அப்படி நின்னவன்தான, மனசு கேக்கல. தனுஷ்கோடி கடைசில இருக்க அரிச்சல்முனைக்கு பஸ்ல எடுத்துட்டுப் போயி அட்டைப்பெட்டியைத் தொறந்து விட்டேன். ரெண்டு வட்டம் அடிச்சுச்சு, போயிருச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஒரு வடை வாங்கித் தின்னுட்டு வீட்டுக்கு வந்தா, எனக்கு முன்னாடி வந்து கூண்டு மேல உக்காந்து கம்பு தின்னுக்கிட்டு இருக்கு!

சரி இது நம்ம ஆளாயிருச்சுன்னு விட்டுட்டேன். ஜோடி கூடப் போட்டுப் பாத்தேன், சேரல. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எல்லாம் போச்சு. மே மாசம், கச்சான், அதான் மேல்காத்து, எடுத்து மூணாவது நாளோ நாலாவது நாளோ, காலைல தொறந்து விட்டேன், எல்லாம் சுத்திட்டு இறங்குச்சு, அது மட்டும் இறங்கல. கெழக்க பாத்துப் போயிருச்சு. திரும்பி வரல. அப்பதான் எனக்கு உறைச்சுச்சு, அரிச்சல்முனையில நான் விட்டப்ப எதிர்க்காத்து. அதுக்குப் போகத் தெரியாம இல்ல, அஞ்சு மாசம் என் வீட்ல உக்காந்து காத்து மாறட்டும்னு பாத்துருக்கு.

கீழக்கரைப் பொண்ணு

பாம்பன் அண்ணா கதையைப் படிச்சுட்டு உம்மாகிட்ட சொன்னேன், "நம்ம வாப்பா மாதிரில்ல இருக்கு"ன்னாங்க 😂 வாப்பா துபாய்ல இருக்காங்க, ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வர்றது.

எங்க வீட்டுப் பூனைக்கும் வாப்பாவுக்கும் சம்பந்தம் உண்டு. அது குட்டியா இருக்கும்போது வாப்பா லீவுல வந்து மடியில வச்சுக்கிட்டே இருந்தாங்க. இப்ப வீடியோ கால்ல அவங்க குரல் கேட்டா எங்க இருந்தாலும் ஓடியாந்துரும், வந்து போன் ஸ்க்ரீனைப் பாக்காது, போனுக்குப் பின்னாடி போயி தேடும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். பின்னாடி இல்லைன்னு தெரிஞ்சும் அடுத்த வெள்ளி மறுபடி தேடும். தொதல் அல்வா கிண்டும்போது தேங்காப்பால் சட்டியை நக்க வர்றதைத் தவிர வேற எதுக்கும் இந்த அளவுக்கு ஓடி நான் பாத்ததில்ல.

சாயல்குடி மாப்ள

எங்ககிட்ட மண்டை நாய் இருக்கு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நாலு பேரைச் சொல்லிட்டு நிறுத்திருவாய்ங்க, ராமநாதபுரம் மண்டைன்னா "அப்படி ஒண்ணு இருக்கா"ன்னு கேப்பாய்ங்க. தலை பெருசு, நெஞ்சு அகலம், கருவேலங்காட்டுக்குள்ள ஆட்டுக்குக் காவல் விட்டா நீங்க நிம்மதியா வீட்ல தூங்கலாம். நரியை ஒத்தையில வெரட்டுனவன். ஊருக்குள்ள போஸ்ட்மேன் எங்க வீட்டு லெட்டரை டீக்கடையிலயே குடுத்துட்டுப் போயிருவாரு.

இந்த வீரனை மாரியூர் கடக்கரைக்கு ஒருநாள் பைக்ல கூட்டிட்டுப் போனோம். முத அலை வந்து கால்ல பட்டுச்சு. அவ்வளவுதான், பின்னாலயே நடந்து பைக்குக்கு அடியில போயி படுத்துட்டான். மூணு மணி நேரம். வெளிய வரவே இல்ல. கடல் கணக்கெல்லாம் எங்காளுக்குத் தெரியாது, கடல்னு ஒண்ணு இருக்குறதையே அவன் ஒத்துக்கல.

பாம்பன் ஆளு

யோவ் சிரிச்சு முடியல. போஸ்ட்மேன்கிட்ட மட்டும் இதைச் சொல்லிராத.

தெரு நாய்க்கு அண்ணன்

நானும் பாம்பன்தான், ஸ்டேஷன் பக்கம். எங்க தெருவுல ஒரு செவலை நாய், பாலத்துல ரயில் வர்ற சத்தம் கேட்டா ஊளையிடும். பழைய பாலம் 1914ல கட்டுனது, ரயிலு அதுல பைய ஊந்து வரும், ரயிலு வந்து முடியிற வரைக்கும் இவன் ஊளையும் முடியாது, ராகம் போடுவான். 2022 டிசம்பர்ல பாலத்துல ரயிலை நிப்பாட்டிட்டாங்க, எல்லாம் அக்கரையில இருக்க மண்டபம் ஸ்டேஷனோட சரி. ரெண்டு வருசத்துக்கு மேல சத்தமே இல்ல. நாயும் வயசாகி, மூஞ்சி நரைச்சு, நான் ஊளையை மறந்தே போயிட்டேன். 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தொறந்தாங்க, மேடை, போலீசு, ஊரே தெருவுல நிக்குது. ரயில் ஹார்ன் அடிச்சுச்சு. படுத்துக்கிட்டு இருந்த நாய் எந்திரிக்கல, கழுத்தை மட்டும் தூக்கி, குரல் உடைஞ்சு போயி, ஒரே ஒரு ஊளை. பக்கத்துல நின்ன போலீஸ்காரரு திடுக்கிட்டுத் திரும்பிப் பாத்தாரு. எங்க தெரு ஆளுக மட்டும் கைதட்டுனோம், ரயிலுக்குத் தட்டுறோம்னு அவரு நினைச்சிருப்பாரு.

தனுஷ்கோடி பக்கம் வேலை பாத்த வாத்தியார்

அங்கன இருந்தப்ப நான் பாத்தது. சுத்தி உப்புத்தண்ணி, ஆனா கரை ஓரமா மணல்ல கையால பள்ளம் பறிச்சா நல்ல தண்ணி ஊறும், ஊத்துன்னு சொல்வாங்க. பொம்பளைங்க கொட்டாங்கச்சியால மொண்டு மொண்டு குடத்துல ஊத்துவாங்க, அவசரப்பட்டா தண்ணி கலங்கிரும், கொஞ்சம் மொண்டுட்டு ஊறுற வரைக்கும் உக்காந்து கதை பேசணும். அங்க ஒரு நாய் வரும். கடைசிக் குடம் நெறைஞ்சு பொம்பளைங்க எந்திரிக்கிற வரைக்கும் ஒரு அடி தள்ளி உக்காந்துருக்கும், அதுக்கு முன்னாடி வாய் வைக்காது. ஒரு நாளு டூரிஸ்ட் பையன் ஒருத்தன் ஊத்துல செருப்புக் காலை விட்டுட்டான், அந்த நாய் உறுமுன உறுமலை நான் அதுக்கு முன்னயும் கேட்டதில்ல பின்னயும் கேட்டதில்ல.

ஜனவரி, பிப்ரவரில கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரை பாக்க வர்றவங்க, கேமராவோட கண்ணைக் கொஞ்சம் கீழயும் வைங்க. ஊத்து இருக்கும்.

தொண்டிக்காரன்

பூனைக்காரரே, தடைக்காலத்துல உங்க பூனை என்ன பண்ணுது? அதைச் சொல்லவே இல்லையே.

(மறுபடி நான்தான், ராமேஸ்வரம்)

தொண்டிக்காரரே கரெக்டா கேட்டீங்க, அதுலதான் நான் அசிங்கப்பட்டேன்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாதுல்ல, அப்பா வீட்ல வலை முடிஞ்சுக்கிட்டு உக்காந்துருப்பாரு, குழம்புல மீன் இருக்காது, முருங்கைக்காயும் கருவாடும்தான். பூனை ஆளையே காணோம். பாவம் எங்க பட்டினி கெடக்கோன்னு அம்மாவுக்குக் கவலை, தேடிட்டு வாடான்னுச்சு. நாலு தெரு தள்ளி வத்தைக்காரங்க வீட்டு வாசல்ல கெடக்கு. முன்ன இருந்ததைவிட ரெண்டு சுத்து பெருத்துப் போயி. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாதே! நான் "இந்தா"ன்னேன், திரும்பக் கூட இல்ல. உள்ள இருந்து ஒரு அக்கா வந்து "யாரு தம்பி, எங்க ராணியை எதுக்குக் கூப்டுற"ன்னாங்க. ராணியாம். மூணு வருசமா அவங்க வீட்டுப் பூனையாம், "செவ்வா, வியாழன், ஞாயிறு மட்டும் காலைல எங்கயோ போயிட்டு வருது, எங்க போகுதுன்னுதான் தெரியல"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல, தண்ணி குடிச்சுட்டு வந்துட்டேன்.

விசைப்படகுக்கு மூணு நாளு, நாட்டுப்படகுக்கு நாலு நாளு. இதை வச்சு எத்தனை சண்டை, எத்தனை பேச்சுவார்த்தை. ரெண்டு பக்கமும் முழுசா அனுபவிச்சது இந்த ஒரு பூனைதான்.

அப்புறம் ஐஸ் லாரின்னு சொன்ன பாம்பன் மச்சானுக்கு: லாரி இல்ல. போட்டு கரைக்குக் கிட்ட வரும்போது டவர் கிடைச்சதும் அப்பா அம்மாவுக்குப் போன் போடுவாரு, "வந்துட்டோம், டீயைப் போடு"ன்னு. அம்மா எந்திரிச்சு கொல்லை லைட்டைப் போடும். லைட்டுதான்னு எனக்குப் பட்டுச்சு. டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னு முந்தாநாள் வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு எந்திரிச்சு நானே லைட்டைப் போட்டேன். அஞ்சு நிமிசம். மதில் மேல காது தெரிஞ்சுச்சு, ஒண்ணரைக் காது. இறங்கி வந்து கல்லு மேல ஏறுச்சு, அருவாமனை இருக்க எடத்தைப் பாத்துச்சு, காலி. என்னையப் பாத்துச்சு. நானும் பாத்தேன். இறங்கிப் போயிருச்சு.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அப்பா வந்துட்டாரு, லைட்டு எரியுது, சட்டில நகரை கெடக்கு, ஆறரை வரைக்கும் கல்லு மேல யாரும் இல்ல. அம்மாகிட்ட வெள்ளிக்கிழமை கதையைச் சொன்னதும் கையில இருந்த மீனோட திரும்பி, "வாயில்லா ஜீவனைப் போயி ஏமாத்துனியா, போ, நீயே கொண்டு போயி குடுத்துட்டு வா"ன்னு ரெண்டு நகரையை ஒரு பாலித்தீன் பைல போட்டுக் குடுத்துருச்சு. வத்தைக்கார அக்கா வீட்டுக்குத்தான் இப்ப கெளம்பிக்கிட்டு இருக்கேன், என்ன சொல்லிக் குடுக்குறதுன்னு யாராச்சும் யோசனை சொல்லுங்கப்பா.