1825ல ஹைத்தி கட்டுன பணத்துக்கு என்ன பேரு?

எல்லாருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புக்கு ஹைத்திப் புரட்சி பாடம் எழுதிட்டிருக்கேன், திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. கரீபியன் கடல்ல பிரெஞ்சுக் காலனியா இருந்த ஹைத்தியில 1791ல அடிமைங்க கிளம்புனது, 1804 ஜனவரி 1ல விடுதலை அறிவிச்சது வரைக்கும் சிக்கல் இல்ல. 1825ல பிரெஞ்சு ராஜா பத்தாம் சார்லஸ் 14 போர்க்கப்பலை அனுப்பி, 15 கோடி பிராங்க் குடுத்தாதான் தனி நாடுன்னு ஒத்துக்குவேன்னான், பழைய தோட்ட முதலாளிங்களுக்கு நஷ்டமாம். அகராதி இதை 'இழப்பீடு'ங்குது, எழுதவே கை கூசுது. 2003ல ஹைத்தி பிரான்ஸ்கிட்ட அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டுச்சே, அதுக்கும் இதே சொல்லா?

> இதே சொல்லா?

அம்மா, 'திறை' இருக்கே. இறு, இறை, திறை மூணும் ஒரே குடும்பம்னு எனக்கு ரொம்ப நாளா எண்ணம். கடன் இறுத்தான்னு இன்னும் சொல்றோம். புறநானூற்றுல...

> திறை

ஐயா, திறை தோத்தவன் கட்டுறது. 1803ல வெர்த்தியேர்ங்கிற எடத்துல நடந்த சண்டையில நெப்போலியன் படையையே விரட்டுனவங்க இவங்க. எங்க ஊர்ல 'தெண்டம் அழுதேன்'பாங்க, அதான் சரி. முதல் தவணைக்கு பிரெஞ்சு பேங்குலயே 3 கோடி கடன், அதுல 60 லட்சம் கமிஷன் புடிச்சுக்கிட்டு 2.4 கோடிதான் கையில குடுத்தான், நம்மூர் கந்துவட்டிக்காரன் மாதிரியே. 1838ல மொத்தத்தை 9 கோடியா குறைச்சும் கடன்மேல கடன் வாங்கி 1947 வரைக்கும் கட்டியிருக்காங்க.

> தெண்டம்

தண்டம் வடசொல். அதோட தப்பு செஞ்சவன் கட்டுறது. இவங்க செஞ்ச தப்பு என்ன?

எங்கட பக்கம் ஆளை வெருட்டிப் பறிக்கிற காசுக்குக் கப்பம் எண்டுதான் சொல்லுறது. பீரங்கிக் கப்பலைக் கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டுக் கேட்டது வேற என்ன?

> கப்பம்

இது பசங்களுக்கும் புரியும்க்கா, கட்டபொம்மன் பாடத்துல கப்பம் கட்ட மறுத்தார்னு படிச்சிருக்காங்க. கப்பத்துக்கு வேர் எதுன்னு ஐயா சண்டைக்கு வருவார், வரட்டும்.

வேர் இருக்கட்டும் தம்பி, பொருளே போதல. கப்பம் மண்ணுக்குக் கட்டுறது. அந்த நஷ்டக் கணக்குல தோட்டத்தோட அதுல உழைச்ச மனுசங்களோட விலையும் இருந்துச்சு. தன் உடம்புக்குத் தானே விலை கட்டுனதை எப்படிக் கப்பம்கிறது? 'தன்விலை'ன்னு போடலாமே.

ஐயா, தன்விலை எனக்கும் மனசுல நிக்குது, ஆனா தனியா போட்டா பசங்களுக்கு விளங்காது. 1825க்கு 'கப்பம்', 2003க்கு 'இழப்பீடு'ன்னு போட்டு அனுப்புறேன். மனுச விலை சேர்ந்த கதையை அதே பக்கத்துல ஒரு பத்தியா எழுதிடுறேன்.

> 'கப்பம்'னு போட்டு

எழுதுங்கம்மா. நான் ஒத்துக்கல, அடுத்த பதிப்புக்கு மறுபடி கேப்பேன்.