பூட்டன் போர்ட் – எங்கட குடும்பம் வாட்ஸ்அப் குழு

வசந்தி சித்தி: ரிசப்ஷன் வாசல் போர்ட் இண்டைக்குப் பிரின்டுக்குக் குடுக்கோணும். மாப்பிள்ளையின்ர பூட்டன் 1923இல சோவியத் நாட்டிலயிருந்து கனடாவுக்கு வந்த பாதை. பாருங்கோ.

குகன்: மொஸ்கோ–ஹம்பேர்க் எண்டு கிடக்கு. பிழை.

ராசன் மாமா: வசந்தி, பொறு. பூட்டன் மெனனைட், அது ஒரு கிறிஸ்தவ சபை. ஊர் உக்ரேனில கோர்ட்டிட்சா, இப்ப சபோரிஷியா நகரத்தோட சேர்ந்திட்டுது. கனடாவுக்குப் போன முதல் மெனனைட் குழு ஜூன் 22 வெளிக்கிட்டது. செபெஷில சோவியத் எல்லை, பிறகு லத்வியாவில ரெசெக்னே, லிபாவ் துறைமுகம். அங்க கப்பலேறி சவுத்ஹாம்ப்டன். அங்கயிருந்து எம்பிரஸ் ஒஃப் பிரான்ஸ், கியூபெக். திரும்ப ரயில். ஜூலை 21 சஸ்கச்சுவானில ரொஸ்தேர்ன். சம்பந்தி அனுப்பின பதிவுக் கார்ட்டிலயும் அதே கப்பல்தான்.

வசந்தி சித்தி: ஒரு கோடு காணாதோ

குகன்: ரெண்டு ரயில் ரெண்டு கப்பல். நாலு நிறம்.

சுபா மச்சாள்: ரயில் படம் நல்ல வடிவு

ராசன் மாமா: வடிவுதான், ஆனா ஜன்னல் வச்ச பெட்டி. ரஷ்யாவில வந்தது சாமான் பெட்டியில, தெப்லூஷ்கா. வெளியில "40 ஆள், 8 குதிரை" எண்டு எழுதியிருக்கும். ரெண்டு பக்கமும் பலகைத் தட்டு, நடுவில இரும்பு அடுப்பு. கக்கூஸ் இல்லை, வண்டி நிண்டால் இறங்கோணும், எப்ப வெளிக்கிடும் எண்டு தெரியாது. ஸ்டேஷனில கொதிதண்ணி எடுக்கலாம். கனடாவில ஏறினது கொலனிஸ்ட் கார். எதிரெதிர் மரச் சீற்றை இழுத்துச் சேர்த்தால் கட்டில், மேல் தட்டைக் கூரையிலயிருந்து இறக்கலாம், பாய் படுக்கை அவரவர்ர. ரெண்டுக்கும் ஒரே படம் போடாதை.

பெரியம்மா: ராசனுக்கு ஆர் போனைக் குடுத்தது 😄

சுபா மச்சாள்: வழியில சாப்பாடு?

ராசன் மாமா: ட்ஸ்வீபாக். ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சுச் சுடுற பணிஸ். பிரயாணத்துக்கு அதைப் பிரிச்சு, மெல்லிய சூட்டில போறணையில காயவைப்பினம். நடுவில ஈரம் நிண்டால் சாக்குக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும், பக்கத்தில கிடக்கிறதும் போகும். சரியாக் காய்ஞ்சால் மாதக்கணக்கில கிடக்கும், தேத்தண்ணியில தோய்ச்சுச் சாப்பிடலாம்.

பெரியம்மா: பலகாரத்தோட அதையும் குடுப்பமே? முட்டை போடுறதோ?

ராசன் மாமா: போடாமலும் சுடலாம். வெண்ணெய்தான் முக்கியம்.

வசந்தி சித்தி: போன கலியாணத்தில ஆர் சொல்லி முறுக்கு மிஞ்சினது?

பெரியம்மா: அதை ஏன் இப்ப எடுக்கிறாய்

குகன்: போர்ட்!!

குகன்: பிறந்த திகதி கார்ட்டில ஒண்டு, கல்லறையில ஒண்டு. 12 நாள் வித்தியாசம்.

ராசன் மாமா: ரெண்டும் சரி. ரஷ்யா 1918 பெப்ரவரி வரைக்கும் பழைய நாட்காட்டி. 19ஆம் நூற்றாண்டில பிறந்த ஆளுக்கு 12 நாள் கூட்டு. 1900 மார்ச்சுக்குப் பிறகு, நாட்காட்டி மாற முதல் பிறந்த பிள்ளையளுக்கு 13.

சுபா மச்சாள்: பூட்டன்ர தங்கச்சி ஏன் 1924இல வந்தவ?

ராசன் மாமா: கண்ணாயிருக்கும். டொக்டர்மார் இமையைப் புரட்டிப் பாப்பினம், ட்ரக்கோமா எண்ட தொத்துற கண் வருத்தம் இருந்தால் கனடாக் கப்பல் இல்லை. கனபேர் ஜேர்மனியில லெஷ்ஃபெல்ட் முகாமில நிண்டு வைத்தியம் செய்தவை. சம்பந்தியைக் கேட்டிட்டுப் போடு.

சித்தப்பா: டிக்கெட் காசு ஆர் குடுத்தது

ராசன் மாமா: கடன். கனேடியன் பசிபிக் ரயில், கப்பல் கொம்பனியோட 1922இல கனடா மெனனைட் தலைவர் டேவிட் டேவ்ஸ் கையெழுத்து வச்சார். கடைசிக் காசு கட்டி முடிஞ்சது 1946.

வசந்தி சித்தி: இடமில்லை. கடனை விடட்டே?

ராசன் மாமா: அதை விடாதை பிள்ளை. 20,000க்கு மேல சனம் 1930க்குள்ள வந்து சேர்ந்தது, அதில பெரும்பங்கு அந்தக் கடனில. கப்பல் படத்தைச் சின்னனாக்கு.

சித்தப்பா: கப்பல் நான் காசு குடுத்து எடுத்த படம்

வசந்தி சித்தி: கடை 5 மணிக்குப் பூட்டும்

குகன்: கோட்டை மாத்தி அனுப்புறன். படத்தைப் பிறகு பாப்பம்.

பெரியம்மா: அந்தப் பணிஸ் எத்தினை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை